பனிக்காலத் தோல் வறட்சி: எண்ணெயா, நீரா?

அமெரிக்காவின் பாஸ்டன் போன்ற குளிர்நகர்களில் பனிக்காலம் வந்ததும் கையும் உதடும் வறண்டு வெடிக்கும். முதியோர்க்கு இத்தொல்லை மிகுதி. வெடிப்பின் வழியே நோய்க்கிருமியும் புகக்கூடும். இது குளிரின் செயல் என்பர். அது பாதி உண்மையே.

நீர் உறையும் குளிர்நிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 5 கிராம் நீராவியே கொள்ளும். 20 டிகிரி வெப்பத்தில் 17 கிராம் கொள்ளும். வெளிக்காற்று வீட்டினுள் வந்து கணப்பினால் சூடேறும்போது அதன் கொள்ளளவு மும்மடங்குக்கு மேலாகிறது, நீரோ கூடுவதில்லை. நிறைகுடம் குறைகுடமாகிவிடுகிறது! அக்குறையை நிரப்ப அது மரச்சாமான்களிலிருந்தும் நம் தோலிலிருந்தும் நீரை ஈர்க்கிறது. கணப்பருகே சுகமாக அமர்ந்திருப்பவரும் வறட்சிக்குத் தப்புவதில்லை.

மேற்றோலின் புற அடுக்கில் உயிரற்ற அணுக்கள் செங்கற்கள் போலவும், இடையிலுள்ள கொழுப்பு சாந்து போலவும் அமைந்துள்ளன. மிகுந்த வெந்நீரும் சவர்க்காரமும் அச்சாந்தைக் கரைத்துவிடும்.

எண்ணெய் பூசினால் போதாதோ எனலாம். 1952ஆம் ஆண்டில் இர்வின் பிளாங்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர் காய்ந்த தோற்காய்ப்பை எண்ணெயில் ஊறவைத்தும் அது மென்மையுறவில்லை என்று கண்டார். மென்மை தந்தது நீரே. அதனால் எண்ணெய் வீணென்று கொள்ளற்க. நீர் மென்மை தருவது. எண்ணெய் அந்நீர் அகலாமல் மூடி காப்பது. ஆதலின் குளித்தபின் ஈரம் புலருமுன்பே பூசுதல் வேண்டும். உலர்ந்தபின் பூசுவது வெறும் பானைக்கு மூடியிடுவது போன்றதே. இதற்கு மலிவான வாசலின் போதும். விலையுயர்ந்த மணப்பூச்சுகள் வேண்டா, மணப்பொருள் சிலர் தோலுக்கு ஒவ்வாது. கணப்பின்மேல் நீர்த்தட்டு வைக்கும் வழக்கமும் உண்டு. அறை பெரிதாயின் அதன் பயன் சிறிது.