இரு வண்டிகளும் ஓர் எஞ்சினும்

மோட்டார் சைக்கிள்களில் எத்தனையோ வகைகள் உண்டு. அவற்றுள் இரண்டைப் பற்றி மட்டும் இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். ஒன்று குரூசர், மற்றொன்று ஸ்போர்ட் டூரர். குரூசர் என்ற சொல்லைக் கப்பற்படையிலும் வழங்குவார்கள். அங்கே அது ஒருவகைப் போர்க்கப்பலுக்குப் பெயர். நாம் பேசும் குரூசருக்குப் போருடன் யாதொரு தொடர்பும் இல்லை. நிதானமாக நெடுந்தூரம் செல்வதற்கென்று அமைந்த வண்டி அது. தாழ்ந்த இருக்கை, அகன்று ஓட்டுபவரை நோக்கி வளைந்த ஹாண்டில்பார், முன்னே நீட்டி வைத்த கால்கள் ஆகிய இவற்றோடு, சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடியே ஊர் சுற்றும் கோலத்தை அது தருகிறது. ஸ்போர்ட் டூரரோ பந்தய வண்டியின் சுறுசுறுப்பையும் பயண வண்டியின் பொறுமையையும் ஒருங்கே பெற முயல்வது. அதில் உடல் சற்றே முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். முழங்கால்கள் மடிந்து, பாதங்கள் இடுப்புக்கு நேர்கீழே இருக்கும். முன்புறத்தில் காற்றைப் பிளந்து ஒதுக்கும் உறை ஒன்றும் இருக்கும்.

நான் சில ஆண்டுகள் முதல் வகை வண்டியை ஓட்டிப் பழகிப் பின்னர் இரண்டாம் வகைக்கு மாறியவன். இவ்விரண்டில் எது சிறந்தது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அந்தக் கேள்வியில் எனக்கு அவ்வளவு நாட்டமில்லை. ஒரு வண்டியில் பல ஆண்டுகள் பழகி, சரியென்று தேர்ந்த பழக்கமே மற்றொரு வண்டியில் ஆபத்தாக மாறிவிடுகிறதே, அது ஏன் என்ற கேள்விதான் என்னைக் கவர்ந்தது. அதற்குரிய விடை பௌதிகத்தில் இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் வகுப்பில் படிக்கும் அதே பௌதிகம்தான்.

நல்ல வேளையாக, இதை விளக்குவதற்கு ஏற்ற உதாரணம் ஒன்றை ஜப்பானியக் கவாசாகி நிறுவனமே நமக்கு அளித்திருக்கிறது. அந்நிறுவனம் 2015ஆம் ஆண்டு மாடலாக வல்கன் எஸ் என்ற குரூசரை வெளியிட்டது. நிஞ்சா 650 என்ற மற்றொரு வண்டியும் அதே நிறுவனத்துடையது. பந்தய வண்டியின் சாயல் அதற்கு உண்டு; ஆயினும் நெடும்பயணத்துக்கு ஏற்றதாதலால் ஸ்போர்ட் டூரர் குடும்பத்தின் இளைய பிள்ளையாக அதைப் பலரும் கொள்கிறார்கள். இவ்விரண்டு வண்டிகளிலும் உள்ள எஞ்சின் அடிப்படையில் ஒன்றே: இரண்டு சிலிண்டர்கள், 649 கன சென்டிமீட்டர். குரூசரில் அது குறைந்த சுழற்சியில் நன்றாக இழுக்கும்படி திருத்தப்பட்டு ஏறத்தாழ 60 குதிரைத்திறனைத் தருகிறது. மற்றதில் ஏறத்தாழ 67. வேற்றுமை பெரிதன்று. எஞ்சினை விட்டு மற்றவற்றைப் பார்த்தால்தான் வியப்பு. குரூசரின் எடை ஏறத்தாழ 235 கிலோ. மற்றது 196 கிலோ. இருக்கையின் உயரம் ஒன்றில் 705 மில்லிமீட்டர், மற்றதில் 790. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் குரூசரில் 1575 மில்லிமீட்டர், நிஞ்சாவில் 1410. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தலைக்குழாய் குரூசரில் செங்குத்துக் கோட்டிலிருந்து 31 பாகை சாய்ந்திருக்கிறது. நிஞ்சாவில் 24 பாகைதான். ஓர் எஞ்சினைச் சுற்றி இரண்டு வேறு உலகங்கள் எழுந்துவிட்டன.

முதலில் அந்தச் சாய்வை எடுத்துக்கொள்வோம். தலைக்குழாயின் வழியே ஒரு நேர்கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்று முன்னே அது தரையில் விழும். அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை டிரெயில் என்பார்கள். குரூசரில் அது 120 மில்லிமீட்டர், நிஞ்சாவில் 100. சக்கரம், தன்னை இழுத்துச் செல்லும் கோட்டின் பின்னே தொடர்ந்து வருவதால், தானாகவே நேராக நிற்க முயல்கிறது. மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சிறு சக்கரங்கள் தள்ளும் திசைக்குத் தாமே திரும்பிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள், அதே தத்துவம். டிரெயில் மிகுந்தால் நேர்ப்பாதையில் அமைதி மிகும். திரும்புவதில் சோம்பலும் மிகும். எனவே குரூசரிலிருந்து இறங்கி ஸ்போர்ட் டூரரில் ஏறியவர் முதலில் உணர்வது, வண்டி தாம் நினைப்பதற்கு முன்பே திரும்பிவிடுகிறதே என்பதுதான். பழைய வண்டிக்குக் கொடுத்த அழுத்தத்தை இதற்கும் கொடுத்தால், வளைவின் உள்விளிம்பை நோக்கி வண்டி விழுந்தடித்துக்கொண்டு செல்லும்.

அழுத்தம் என்றேன், எந்தக் கையால், எந்தப் பக்கம்? ஓடும் வண்டியை வலப்புறம் திருப்ப வேண்டுமானால் வலக்கைப்பிடியை முன்னோக்கி அழுத்தவேண்டும். அதாவது, சக்கரத்தை ஒரு கணம் இடப்புறமாகத் திருப்புகிறோம். வண்டி வலப்புறம் சாய்கிறது. சாய்ந்த பின்னரே வலப்புறம் திரும்புகிறது. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் சைக்கிள் ஓட்டும் சிறுவனும் தன்னை அறியாமலே இதைத்தான் செய்கிறான். விமானம் கண்ட ரைட் சகோதரர் இருவருள் மூத்தவரான வில்பர், சைக்கிள் தொழில் நடத்தியவர். அவர் இந்த உண்மையைக் கவனித்து, சைக்கிள் ஓட்டுவோர் பலரை விசாரித்தபோது, தாம் செய்வது இன்னதென்று அவர்கள் உணர்ந்திருக்கவில்லையாம். நீங்களும் வெறிச்சோடிய மைதானம் ஒன்றில், சைக்கிளை நிதானமாக ஓட்டியபடி, ஒரு கைப்பிடியை மட்டும் மெல்ல, மிக மெல்ல முன்னே தள்ளிப் பாருங்கள்.

இரு சக்கர வண்டி விழாமல் நிற்பதன் காரணம் முழுவதும் புத்தகங்களில் முடிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் ஓட்டவே முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்ய முயன்று, டிரெயிலின் சிறப்பை எடுத்துக்காட்டினார். 2011இலோ, டிரெயிலின் உதவியும் சுழலும் சக்கரத்தின் உதவியும் இன்றியே தானாக நிமிர்ந்து ஓடும் ஒரு வண்டியை வேறு சில விஞ்ஞானிகள் செய்து காட்டிவிட்டார்கள்! ஆராய விரும்பும் மாணவருக்கு இங்கே இன்னும் இடமுண்டு.

இனி வளைவுக்கு வருவோம். வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கிவந்த தொகையால் வகுத்தால், வண்டி சாயவேண்டிய கோணத்தின் டான்ஜென்ட் கிடைக்கும். இந்தக் கணக்கில் வண்டியின் எடை வருவதேயில்லை என்பதைக் கவனியுங்கள். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்றில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், குரூசரானாலும் மற்றதானாலும், ஏறத்தாழ 27 பாகை சாய்ந்தே தீரவேண்டும். வேகத்தை 45 ஆக்கினால் சாய்வு ஏறத்தாழ 39 பாகை ஆகிவிடும். ஒன்பதே கிலோமீட்டர் கூடியதற்குப் பன்னிரண்டு பாகை! தாழ்ந்த மிதிகட்டைகளையுடைய குரூசர்கள் பல, 30 பாகையை ஒட்டியே தரையை உரசத் தொடங்கிவிடும். கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த உரசல் ஒலியை நான் பன்முறை கேட்டதுண்டு. அது ஒருவகையில் நல்ல எச்சரிக்கை. ‘இதற்குமேல் வேண்டாம்’ என்று வண்டியே சொல்லிவிடுகிறது. ஸ்போர்ட் டூரரில் மிதிகட்டைகள் உயர்ந்திருப்பதால் அந்த எச்சரிக்கை அவ்வளவு விரைவில் வருவதில்லை. வண்டி இன்னும் சாயும்; ஆனால் சாலையில் கிடக்கும் மணலும் சரளையும் எந்த வண்டி வருகிறதென்று பார்த்து விலகுவதில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது பிரேக். ஓடும் வண்டியை நிறுத்தும்போது பாரம் முன் சக்கரத்துக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது ஈர்ப்பு மையத்தின் உயரத்தையும் சக்கரங்களின் இடைத்தூரத்தையும் பொறுத்தது. கணக்குக்காக, ஓட்டுபவரோடு சேர்ந்த ஈர்ப்பு மையம் குரூசரில் 50 சென்டிமீட்டர் உயரத்திலும் மற்றதில் 60 சென்டிமீட்டர் உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு வலிமையாகப் பிரேக் பிடித்தால், குரூசரில் மொத்த எடையில் நூற்றுக்கு 22 பங்கும், மற்றதில் 30 பங்கும் முன்னே பாயும். குரூசர் ஓட்டுபவர் பின்புறமாக அமர்ந்திருப்பதால், தொடக்கத்தில் அதன் முன் சக்கரத்தில் நூற்றுக்கு 45 பங்கும், மற்றதன் முன் சக்கரத்தில் 50 பங்கும் எடை இருந்ததாகக் கொண்டால், முடிவில் பின் சக்கரங்களில் எஞ்சுவது எவ்வளவு? குரூசரில் 33, ஸ்போர்ட் டூரரில் 20. ஆகவே குரூசரில் பின் பிரேக்கைக் காலால் அழுத்தி நிறுத்துவது பயனுள்ள வழக்கம். அங்கே சக்கரத்துக்குத் தரைப்பிடிப்பு நிறைய உண்டு. அதே வழக்கத்தை ஸ்போர்ட் டூரரில் கைக்கொண்டால், பாரமிழந்த பின் சக்கரத்தை வீணே அழுத்துகிறோம். வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் நீண்டுவிடுகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் சாதனம், 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் கட்டாயமாயிற்று. அது சறுக்கலைத் தடுக்கும். முன் பிரேக்கைப் பிடிக்க மறந்த கைக்கு நினைவூட்டாது.

இதிலும் நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. குரூசரில் பாதமும் பிரேக் மிதியும் முன்னே வெகுதூரத்தில் இருக்கின்றன. திடீரென்று ஓர் ஆடு குறுக்கே ஓடிவந்தால் நாம் யோசிப்பதில்லை. கால் தானாகவே பழைய இடத்துக்குப் பாய்கிறது. புதிய வண்டியில் அந்த இடத்தில் வெற்றுக் காற்றுதான் இருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் வண்டி 22 மீட்டர் போய்விடுமே! அந்த ஒரு விநாடியைக் கால் தேடுவதிலேயே செலவிட்டால் என்ன ஆகும்? ஆகையால் புதிய வண்டி கைக்கு வந்த முதல் மூன்று வாரங்கள், விடியற்காலையில் ஆளில்லாத ஒரு பரந்த இடத்துக்குச் சென்று, மணிக்கு 30, பின் 40, பின் 50 என்ற வேகங்களில் நிறுத்திப் பழகுவதையே நான் வேலையாக வைத்துக்கொண்டேன். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோலச் சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். வீட்டார் சிரித்தார்கள், பத்தாண்டுகள் ஓட்டியவனுக்கு இது என்ன பாடம் என்று. பத்தாண்டுப் பழக்கம் இருந்ததனால்தான் அந்தப் பாடம் எனக்குத் தேவைப்பட்டது. புதிதாகக் கற்பவனுக்கு மறக்கவேண்டியது ஒன்றும் இல்லை அன்றோ!

உடம்பின் சுகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். குரூசர்தான் சுகமென்பது பொதுவான எண்ணம். ஒரு மணி நேரத்துக்கு அது உண்மை. கால்களை முன்னே நீட்டியிருப்பவர் பள்ளம் வரும்போது அவற்றை ஊன்றி எழ இயலாது. அதிர்ச்சி முழுவதும் முதுகெலும்பின் அடியில் வந்து விழும். பாதங்கள் உடலுக்குக் கீழே இருந்தால் சற்றே எழுந்து, முழங்கால்களை வில்லைப்போல் பயன்படுத்தலாம். மாறாக, நகர நெரிசலில் ஸ்போர்ட் டூரர் மணிக்கட்டுகளுக்கு வலி தரும். உடலின் பாரத்தில் ஒரு பகுதி அங்கே இறங்குகிறது. வேகம் கூடியதும் எதிர்க்காற்று மார்பைத் தாங்கிப்பிடிக்க, அந்த வலி குறையும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. 40இலிருந்து 80க்குச் சென்றால் நான்கு மடங்கு. குரூசரில் நிமிர்ந்த மார்பு பாய்மரம்போல அதை ஏற்று, கைகளை இழுக்கும். பவேரியாவின் பி.எம்.டபிள்யூ நிறுவனம், ஆர் 100 ஆர்.எஸ். என்ற வண்டிக்கு இத்தாலியப் பினின்ஃபரீனாவின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடித்த முழு உறையை அணிவித்து, 1976இல் வெளியிட்டது. பின்வந்த ஸ்போர்ட் டூரர்கள் பலவற்றுக்கும் அவ்வண்டி வழிகாட்டி என்பது என் கருத்து.

அந்த உறை செய்யும் மாயம் ஒன்று உண்டு. காற்று முகத்தில் அறையாததால் வேகம் தெரிவதில்லை. குரூசரில் 80ஐத் தொட்டால் காதும் கழுத்தும் முறையிடும். ஸ்போர்ட் டூரரில் அதே வேகம் மாலை உலாவைப் போலிருக்கும். நான்கு வழிச் சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு மத்திய அரசு 2018இல் வகுத்த உச்ச வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். உடம்பை நம்பி ஓட்டினால் அந்த வரம்பு எப்போது கடந்ததென்றே தெரியாது. வேகமானியைப் பார்ப்பது என்ற சிறு செயலைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

என் பழைய குரூசரை இப்போது என் தம்பி ஓட்டுகிறான். எப்போதாவது அதை இரவல் வாங்கிக் கடைத்தெருவுக்குப் போனால், என் கால் இப்போது மிதியைப் பின்னே தேடுகிறது. ஆகவே புறப்படுமுன், வண்டியை நிறுத்திவைத்த நிலையிலேயே அமர்ந்து, பத்து முறை பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் எஞ்சினைக் கிளப்புகிறேன். தம்பி திண்ணையில் நின்று எண்ணிக்கொண்டிருப்பான்.