மலையில் பிறக்கும் மரக்கலம்



உதகையிலிருந்து கோத்தகிரிக்குச் செல்லும் சாலையில் உள்ள கட்டபெட்டு என்னும் ஊரில் வாழ்பவன் நான். எங்கள் ஊரைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. பள்ளத்தாக்குகளும் மூடுபனியும் உண்டு. கடல் மட்டும் இல்லை. அத்தகைய ஊரினன் ஒருவன் மரக்கலங்களைப் பற்றிப் பேச வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். கலம் கடலில் மிதப்பது மெய்யே. ஆயினும், அதற்குரிய மரம் பெரும்பாலும் மலையிலும் மலையடிவாரத்திலுமே வளர்கிறது. ஆதலால், மரக்கலத்தின் கதையைக் கடற்கரையிலிருந்து தொடங்காமல் காட்டிலிருந்து தொடங்குவதே முறை எனக் கருதுகிறேன்.

எகிப்து நாட்டில், கூபு மன்னனுடைய பெரிய பிரமிடின் அருகே, 1954ஆம் ஆண்டில் கல் பாவி மூடியிருந்த ஒரு குழி கண்டுபிடிக்கப்பட்டது. அதனுள்ளே ஒரு மரக்கலம் துண்டு துண்டாகப் பிரித்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கலத்தை வல்லுநர்கள் மீண்டும் பொருத்தினார்கள். அதன் நீளம் சுமார் 43 மீட்டர். எகிப்தில் அத்தகைய நெடுமரங்கள் விளைவதில்லை. ஆதலின் லெபனான் மலைகளின் தேவதாரு மரத்தைக் கொண்டே அதனைச் செய்திருந்தார்கள். நைல் நதியின் அரசனும் மலையை நாடியே நின்றான் என்பதை இது காட்டுகிறது. மற்றொன்றையும் இங்கே கவனியுங்கள். அக்கலத்தின் பலகைகள் ஆணியால் அறையப்படவில்லை, கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்தன.

மரத்தோடு மரத்தைச் சேர்க்க மனிதன் கண்ட வழிகள் பெரும்பாலும் மூன்றனுள் அடங்கும். ஒன்று, கட்டுதல், இரண்டு, தைத்தல், மூன்று, ஆணியால் அறைதல். இம்மூன்றுக்கும் நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு.

முதலில் கட்டுதலைப் பார்ப்போம். கட்டுமரம் என்னும் பெயரே அதன் செய்முறையைச் சொல்லிவிடுகிறது. மலைவேம்பு, முள்முருங்கை போன்ற எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். அதற்கு உட்குழிவு இல்லை. ஆதலால் அலை மேலே புரண்டாலும் நீர் இடுக்குகளின் வழியே வழிந்துபோகும். நீர் நிரம்பி மூழ்குவதற்கு இடமே இல்லை. மென்மரம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும் என்பதால், கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்துவது வழக்கம். ஆங்கில மாலுமியான வில்லியம் டாம்பியர், 1697இல் வெளியான தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை விவரித்திருக்கிறார். இத்தமிழ்ச் சொல் ஆங்கிலத்தில் ஏறிய பின்னர், இரண்டு உடல்களை இணைத்த வேறொரு வகைப் படகுக்குப் பெயராகிவிட்டது. சொல் நம்முடையது, அது இன்று குறிக்கும் பொருள் வேறு.

அடுத்தது தைத்தல். பலகைகளின் ஓரங்களில் வரிசையாகத் துளையிட்டு, இடையே நாரோ வைக்கோலோ வைத்து, தென்னங்கயிற்றால் இறுக்கித் தைப்பார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பயணம் செய்த மார்க்கோ போலோ, ஹோர்முசு என்னும் துறையில் இவ்வாறு தைத்த கலங்களைக் கண்டு, அவை மிக மட்டமானவை என்று குறித்தார். இரும்பாணி அறையத் தெரியாதவர் கையாண்ட எளிய முறை இது என்று எண்ணியவர்கள் பலர். அவ்வெண்ணம் சரியா என்பதற்குச் சென்னைக் கடற்கரையே விடை கூறும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் எழும் வரையில், சென்னைக்கு வரும் கப்பல்கள் கரையை அணுக இயலாது. அவை தொலைவிலே நங்கூரமிட்டு நிற்கும். இடையே அலைகள் சுவர்போல் எழுந்து உடையும். ஐரோப்பியக் கப்பல்களின் உறுதியான சிறு படகுகள் அங்கே வந்தால், கரையில் மோதிப் பிளந்துபோகும். ஆங்கிலேயர் மசூலாப் படகு என்று அழைத்த நம்மவரின் தைத்த படகோ, பயணிகளையும் சரக்குகளையும் ஏற்றிக்கொண்டு அவ்வலைகளைக் கடந்தது. அதற்குள்ளே விலா எலும்பு போன்ற வங்குகள் இல்லை. மணலில் மோதும்போது அதன் உடல் சற்றே வளைந்து கொடுக்கும். தையல் நெகிழ்ந்து மீண்டும் இறுகும். விறைத்து நின்றது உடைந்தது, வளைந்தது பிழைத்தது. ஆகவே தையல் முறை, அலையின் இயல்பை நன்கு அறிந்தவர் தேர்ந்துகொண்ட முறையாகும்.

மூன்றாவது முறைக்குக் கேரளக் கரைக்கு வாருங்கள். நீலகிரியின் மேற்குச் சரிவில் பிறக்கும் கரிம்புழை, நிலம்பூர்ப் பக்கத்தில் சாலியாற்றோடு கலக்கிறது. சாலியாறு கடலைச் சேரும் இடமே பேப்பூர். அங்கே உரு என்னும் பெரிய மரக்கலங்களைக் கட்டுகிறார்கள். ஐரோப்பாவில் பிற்காலத்தில் பரவிய முறைப்படி, முதலில் எலும்புக்கூட்டை நிறுத்தி, பின்னர் பலகை அறைவார்கள். பேப்பூரில் அடிமரத்தை வைத்தபின் பலகைகளைச் சேர்த்து உடலை எழுப்பி, அதற்கேற்ப வங்குகளை உள்ளே பொருத்துவார்கள். வரைபடம் கிடையாது, வடிவம் முழுவதும் தலைமைத் தச்சரின் மனத்திலேயே இருக்கிறது. பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியைச் செலுத்தி நீர் புகாதபடி அடைப்பார்கள். கட்டி முடித்த கலத்தை உருளைகளும் கயிறுகளும் கொண்டு ஆற்றில் இறக்குபவர்கள் மாப்பிளைக் கலாசிகள்.

இத்தகைய கலங்களுக்குத் தேக்கு ஏன் சிறந்தது? தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ச் சத்து உண்டு. அது மரத்தை எளிதில் இற்றுப்போக விடுவதில்லை. இங்கிலாந்தின் ஓக் மரத்திலுள்ள அமிலம் இரும்பாணியை அரிக்கும். தேக்கோ ஆணிக்கு ஊறு செய்வதில்லை. பம்பாய்க் கப்பல் கட்டும் துறையில், பார்சி மரபினரான வாடியா குடும்பத்தார், மலபார்த் தேக்கைக் கொண்டு பிரிட்டிஷ் கடற்படைக்கே போர்க்கப்பல்கள் கட்டிக் கொடுத்தார்கள். அவற்றுள் ஒன்றாகிய டிரிங்கோமலி 1817ஆம் ஆண்டில் நீரில் இறங்கியது. இருநூறு ஆண்டுகள் கடந்தும், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் அது மிதந்துகொண்டிருக்கிறது.

ஆனால், இப்பெருமைக்கு ஒரு விலை இருந்தது. ஒரு பெருங்கலத்துக்குத் தேவையான மரங்கள் வளர ஒரு தலைமுறை போதாது. வெட்டவோ சில நாட்கள் போதும். மலபார்க் காடுகளில் தேக்கு விரைவாகக் குறைந்தது. 1840ஆம் ஆண்டுகளில் மலபார் கலெக்டராக இருந்த கனோலி, நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்க ஏற்பாடு செய்தார். விதையை முளைப்பிப்பதே அப்போது பெரும்பாடாக இருந்தது. அம்முயற்சியை வெற்றியாக்கியவர் சாத்து மேனோன் என்னும் நம் நாட்டவர். அவர்கள் நட்ட மரங்களுள் சில இன்றும் அங்கே நிற்கின்றன. அவ்வளவு பெரிய கப்பல்களைக் கட்டியவர்களுக்கும், காடு தீர்ந்தால் கலமும் தீரும் என்பதை உணர அத்தனை காலம் ஆயிற்று.

நீலகிரியின் கீழ்த்திசைக்கு வந்தால், மரத்தை மிகக் குறைவாகச் செலவிடும் ஒரு படகைக் காணலாம். எங்கள் மாவட்டத்தின் அடிவாரத்தில் தெங்குமரஹடா என்னும் சிற்றூர் உண்டு. பவானிசாகர் வழியாக அங்கே செல்வோர் மோயாற்றைக் கடக்க நெடுங்காலம் பரிசலையே நம்பியிருந்தார்கள். மூங்கிலைப் பிளந்து, கூடைபோல் வட்டமாகப் பின்னி, வெளிப்புறம் தோல் போர்த்துவது பழைய முறை. பிற்காலத்தில் தோலின் இடத்தைத் தாரும் பிளாஸ்டிக் விரிப்பும் பிடித்தன. பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பாறை தட்டினால் அது நேரே மோதாமல் சுழன்று விலகும். ஈராக்கின் டைகிரிஸ் ஆற்றிலும், பிரிட்டனின் வேல்ஸ் நாட்டு ஆறுகளிலும் இதன் உடன்பிறப்புகள் உண்டு. ஒருவரை ஒருவர் அறியாத மக்கள், ஒரே வகையான நீருக்கு ஒரே வகையான விடையைக் கண்டிருக்கிறார்கள்.

இவ்வறிவெல்லாம் இப்போது எந்நிலையில் உள்ளது? கண்ணாடி இழைப் படகுகள் பெருகிவிட்டன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் அவை இன்னும் பரவின. மீனவர் அவற்றை விரும்புவதில் குறை காண நமக்கு உரிமை இல்லை. விசையுடன் விரைவாகச் செல்லும் படகு அவர்களுடைய பிழைப்புக்குத் தேவை. மரமும் அரிதாகிவிட்டது. ஆனால், எழுதி வைக்கப்படாத கலை, ஒரு தலைமுறை கைவிட்டால் அடுத்த தலைமுறைக்குக் கிட்டாது என்பதை மறத்தலாகாது.

கிட்டும் காலத்திலேயே அதனைப் பற்றிக்கொள்வதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு அண்மையில் நிகழ்ந்தது. அஜந்தா ஓவியம் ஒன்றில் ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கப்பல் தீட்டப்பட்டுள்ளது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு, கேரளத் தச்சர்கள் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து ஒரு பாய்க்கப்பலைக் கட்டினார்கள். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடற்பொறியியல் துறையினர் அதன் மாதிரியை நீரில் சோதித்தார்கள். கௌண்டின்யா என்னும் பெயருடன் அது 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. தச்சரின் கை அறிந்ததும் பொறியாளரின் கணக்கு அறிந்ததும் அங்கே ஒருங்கே நின்றன.

மாணவர்களே! கடற்கரையில் வாழ்பவர்கள், உங்கள் ஊரிலுள்ள முதிய படகுத் தச்சரிடம் சென்று, படகின் ஒவ்வோர் உறுப்புக்கும் அவர் வழங்கும் பெயரைக் கேட்டுக் குறித்து வையுங்கள். எந்த மரத்தை எதற்குக் கொண்டார், ஏன் கொண்டார் என்று கேளுங்கள். என்னைப் போல் மலையில் வாழ்பவர்களுக்கு வேறொரு கடமை உண்டு. நம் சோலைகளையும் அடிவாரக் காடுகளையும் காத்து நிற்பதே அது. தச்சர் இருந்தும் மரம் இல்லையேல் கலம் இல்லை. மரம் இருந்தும் தச்சர் இல்லையேல் அது வெறும் மரமே. இவ்விரண்டையும் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் பொறுப்பு உங்களுடையது.