சாளரத்தில் வரைதல்: வரைவு நிகழ்வும் தமிழ் எழுத்தும்

தமிழ் எழுதப் பழகும் சிறுவர்க்கென மேசைக் கணினியில் ஒரு பயிற்சிப் பலகை செய்ய எண்ணுகிறோம் எனக் கொள்வோம். சாளரத்தின் மேற்பகுதியில் ‘கொக்கு’ என்னும் மாதிரிச் சொல் தோன்ற வேண்டும். கீழ்ப்பகுதியில் மாணவர் அதனைச் சுட்டியால் எழுதிப் பார்க்க வேண்டும். பொத்தான், பட்டியல் போன்ற பொதுவான உறுப்புகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. இத்தகைய பலகையை நாமேதான் வரைந்தாக வேண்டும்.

இங்கே தொடக்க நிலையினர் செய்யும் பிழை ஒன்றுண்டு. சுட்டி நகரும் நிகழ்வுக்குள்ளேயே திரைமேல் நேராகக் கோடு இழுத்துவிடுகின்றனர். முதலில் யாவும் செவ்வனே தோன்றும். சாளரத்தைச் சுருக்கி மீண்டும் விரித்ததும் மாணவர் எழுதியது மறைந்துபோகும். காரணம் யாது? திரையில் தெரிபவை வெறும் நிறப்புள்ளிகளே. அங்கே ஒரு கோடு இருந்தது என்பதைச் சாளரம் நினைவில் வைத்திருப்பதில்லை. அதனை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு நம் நிரலுடையது.

சாளரத்தின் ஒரு பகுதியைப் புதுப்பிக்க வேண்டிய நிலை வந்ததும் இயங்குதளம் நிரலுக்கு அறிவிக்கிறது. விண்டோஸில் அச்செய்தியின் பெயர் ‘டபிள்யூஎம்_பெயிண்ட்’. கியூட்டியில் ‘பெயிண்ட்ஈவென்ட்’, ஜாவா சுவிங்கில் ‘பெயிண்ட்காம்பொனென்ட்’ என்னும் செயற்கூறுகள் இப்பணிக்கு உரியவை. பெயர் வேறாயினும் நெறி ஒன்றே. சுட்டி நிகழ்வில் புள்ளிகளைப் பட்டியலில் சேர்த்து, மீள்வரைவு வேண்டும் எனக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வரைவு நிகழ்வில் அப்பட்டியலைப் படித்துக் கோடுகளை வரைய வேண்டும்.

விண்டோஸில் மீள்வரைவு கேட்கும் ‘இன்வேலிடேட்ரெக்ட்’ உடனே எதையும் வரைவதில்லை. புதுப்பிக்க வேண்டிய பகுதியைக் குறித்து வைக்கிறது. வரிசையில் காத்திருக்கும் பிற செய்திகள் தீர்ந்த பின்னரே வரைவுச் செய்தி வரும். அதற்குள் 10 முறை கேட்டிருப்பினும் அப்பகுதிகள் ஒன்றுசேர்ந்து ஒரே வரைவாக முடியும். வரைவு நிகழ்வில் ‘பிகின்பெயிண்ட்’ அழைக்கப்படும்போது அக்குறிப்பு நீங்குகிறது. அதனை அழைக்காமல் விட்டால் வரைவுச் செய்தி ஓயாது வந்துகொண்டே இருக்கும்.

பின்னணியை அழித்துவிட்டு வரைவதால் திரை சிமிட்டுவதுமுண்டு. பின்னணி அழிப்பைத் தடுத்து, முழுப்படத்தையும் முதலில் நினைவகத்தில் வரைந்து, பின்னர் ஒரே முறையில் திரைக்குப் படியெடுத்தால் சிமிட்டல் நீங்கும். இஃது இரட்டைத் தேக்க முறை எனப்படும். கியூட்டியும் சுவிங்கும் இதனை இயல்பாகவே செய்கின்றன.

இனி மாதிரிச் சொல்லுக்கு வருவோம். ‘கொக்கு’ என்பது நமக்கு 3 எழுத்து. ஒருங்குறியிலோ 6 குறியீடுகள். ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்தே ‘கொ’ ஆகிறது. அக்குறியோ ககரத்தின் இருபுறமும் நிற்பது. ஆங்கில எழுத்துகளுக்குச் செய்வதுபோல் ஒவ்வொரு குறியீட்டையும் தனித்தனியே வரைந்தால், ககரம் ஒருபுறமும், துணைக்குறி புள்ளிவட்டத்தோடு மறுபுறமும் சிதறி நிற்கும். ஆகவே சொல்லை முழுமையாக ஒரே அழைப்பில் வரைய வேண்டும். அதன் அகலத்தையும் முழுச்சொல்லாகவே அளக்க வேண்டும். எழுத்துகளைக் கோக்கும் பணியைக் கணினியே செய்யும். விண்டோஸ் 2000 பதிப்பிலேயே தமிழுக்கு இவ்வசதி வந்துவிட்டது. ஓர் எழுத்துக்கு மட்டும் வேறு நிறம் தர விரும்பினால், ‘கொ’, ‘க்’, ‘கு’ என எழுத்தெல்லையில் பிரிக்க வேண்டுமேயன்றிக் குறியீட்டு எல்லையில் பிரித்தலாகாது.

எழுதப் பழகும் பிள்ளை திரையில் கண்ட வடிவையே சரியென நம்பும். நூலில் அச்சுப்பிழை நேர்ந்தால் ஆசிரியர் திருத்திச் சொல்வார். வீட்டில் தனியே கணினிமுன் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அத்துணை இல்லை. எனவே நிரலை முடித்ததும் இரு சோதனைகளைத் தவறாது செய்வோம். சாளரத்தைச் சுருக்கி விரித்துப் பார்ப்போம்; ‘கொக்கு’, ‘கௌதாரி’ முதலிய சொற்களை வரைந்து பார்ப்போம். இரண்டிலும் தேறிய பின்னரே அப்பலகையை மாணவர் கையில் கொடுப்போம்.