சித்திர சபையும் பிராக் நகரக் கண்காட்சியும்

ஓர் ஓவியத்தையோ சிற்பத்தையோ அப்படியே பெட்டியிலிட்டுக் கடல் கடந்து கொண்டுசென்று வேற்று நாட்டார்முன் வைத்துவிடலாம். நாடக மேடையின் அமைப்போ நடிகரும் ஒளியும் இசையும் பார்வையாளரும் கூடும் சில மணி நேரத்தில் மட்டுமே உயிர்பெற்று, ஆட்டம் முடிந்ததும் கலைந்துபோவதால், அதனைக் காட்சிக்கு வைப்பது எவ்வாறு என்னும் வினா அரங்கக் கலைஞர்களை நெடுங்காலமாகவே தொடர்ந்து வந்துள்ளது. அவ்வினாவுக்கு விடை தேடும் களங்களுள் தலையாயது, செக் நாட்டுத் தலைநகரான பிராகில் 1967 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெற்றுவரும் ‘பிராக் குவாட்ரெனியல்’ என்னும் பன்னாட்டுக் கண்காட்சியாகும். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் நடந்த கலைக் கண்காட்சிகளில் பிரான்டிஷெக் ட்ரோஸ்டர், யோசெப் ஸ்வோபொடா முதலிய செக்கோஸ்லோவாக்கிய மேடை வடிவமைப்பாளர்கள் அடுத்தடுத்துப் பரிசுகளை வென்றதையொட்டி, அக்கலைக்கென்றே தனியாக ஒரு கண்காட்சியை அந்நாடு தன் தலைநகரில் தொடங்கியது.

இக்கண்காட்சியில் ஒவ்வொரு நாடும் தனக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில், தன் அரங்கக்கலையின் அடையாளமாக எதைக் கருதுகிறதோ அதனைக் காட்டுகிறது. மாணவர் படைப்புகளுக்கும் தனிப் பிரிவு உண்டு. சிறந்த காட்சிக்கு ‘தங்கத் திரிகா’ என்னும் விருது வழங்கப்படுகிறது. திரிகா என்பது மூன்று குதிரை பூட்டிய தேர். தொடக்கக் காலத்தில் மேடையின் சிறு மாதிரிகளும் உடைகளும் வரைபடங்களும் நிழற்படங்களுமே மிகுதியாக வைக்கப்பட்டன. பின்னர் நிகழ்த்துவெளி முழுவதும், அதாவது ஆட்டம் நிகழும் இடமும் அவ்விடத்தில் மக்கள் கூடும் முறையும், வடிவமைப்பின் பகுதியே என்னும் கருத்து வலுப்பெற்றது. 2011இல் கண்காட்சியின் முழுப்பெயரே அதற்கேற்ப மாற்றப்பட்டது. 2015இல் விருது பெற்ற எஸ்டோனியா, அலங்கார மேடை எதனையும் முன்னிறுத்தாமல், 2010இல் அந்நாட்டு நாடகக் குழு ஒன்று கற்பனைக் கட்சி ஒன்றைத் தொடங்கி மாநாடு வரை நடத்திக் காட்டிய நிகழ்வையே தன் அரங்க வடிவமைப்பாக முன்வைத்தது.

இத்தகைய களத்தில் தமிழ்நாட்டின் அரங்கக்கலையைக் காட்ட முற்படுவோர் தென்காசி, குற்றாலம் வட்டாரத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பதற்கு வலுவான காரணங்கள் உள்ளன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை, இவ்வட்டாரத்தை ஒட்டிய பொதிகை மலையின் முனிவராகிய அகத்தியரின் சாபத்தால் இந்திரன் மகன் சயந்தன் மூங்கிலாய்ப் பிறந்த கதையோடு தொடங்குகிறது. அரங்கை அளக்கும் கோலும், கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளியுள்ள மலை மூங்கிலாகவே அங்கே குறிக்கப்படுகிறது. அக்கோலின் அளவு 24 விரல். அரங்கு 8 கோல் நீளமும் 7 கோல் அகலமும் 1 கோல் உயரமும் உடையது. அதன் தளத்துக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல். விரலொன்றை முக்கால் அங்குலமாகக் கொண்டால், மேடை 12 அடி நீளமும் பத்தரை அடி அகலமும் கொண்டதாகிறது. உள்ளே புகவும் வெளியேறவும் இரு வாயில்கள். ஒரு பக்கத்திலிருந்து இழுக்கப்படும் ஒருமுக எழினி, இரு பக்கத்திலிருந்தும் வந்து பொருந்தும் பொருமுக எழினி, மேலிருந்து இறங்கும் கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள். மேலே ஓவியம் தீட்டிய விதானம். இவையனைத்தினும் வியப்புக்குரியது, தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைக்கவேண்டும் என்னும் குறிப்பு. இன்றைய ஒளியமைப்பாளர் ஒவ்வொருவரும் முதலில் கருதும் சிக்கலுக்கு இளங்கோவடிகள் காலத்திலேயே விதி வகுக்கப்பட்டிருந்தது என்பதைப் பிராகில் ஒரு மாதிரியும் ஒரு விளக்கும் கொண்டே எளிதாக மெய்ப்பித்துக் காட்டலாம்.

குற்றாலத்துச் சித்திர சபை இதற்கு நேர்மாறான வழியில் சென்ற அரங்கு. நடராசரின் ஐந்து சபைகளுள் திருவாலங்காடு இரத்தினத்துக்கும், தில்லை பொன்னுக்கும், மதுரை வெள்ளிக்கும், திருநெல்வேலி தாமிரத்துக்கும் உரியனவாகச் சொல்லப்பட, குற்றாலமோ ஓவியத்துக்கு உரியதாயிற்று. குற்றாலநாதர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளித் தெப்பக்குளத்தருகே தனிக் கட்டடமாக நிற்கும் இச்சபையில் ஆடவல்லான் சுவரோவியமாகவே வழிபடப்படுகிறார். சுற்றுச் சுவர்களிலும் புராணக் காட்சிகள் நெருங்கத் தீட்டப்பட்டுள்ளன. பிற மேடைகளில் ஓவியம் நடிகருக்குப் பின்னணியாக நிற்க, இங்கே ஆடுபவரும் பின்னணியும் ஒரே சுவரில் ஒரே வண்ணத்தில் அமைந்துள்ளனர். மார்கழித் திருவாதிரைத் திருவிழாவில் இங்கு நடைபெறும் தாண்டவ தீபாராதனையின்போது, அசையாத அவ்வோவியத்துக்கு அசைவைத் தருவது ஒளியே.

தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி, மலையையும் அருவியையும் குறத்தியின் பாட்டிலேயே பார்வையாளர் கண்முன் நிறுத்தியது. தீட்டிய திரை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

தீட்டிய திரைகளின் காலம் பின்னர் நாடகக் கம்பெனிகளோடு வந்தது. பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் தெரு, காடு, தர்பார் என ஒவ்வொரு காட்சிக்கும் தனித்தனிப் படுதாக்கள் எழுதப்பட்டு, சுருட்டி மேலேற்றியும் இறக்கியும் பயன்படுத்தப்பட்டன. நாடகக்காரர் வழக்கில் இவை ‘சீன்கள்’. செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா பாடி நடித்த கன்னையா கம்பெனி, ‘தசாவதாரம்’ முதலிய நாடகங்களைப் பிரம்மாண்டமான காட்சியமைப்போடு நடத்திப் பெயர்பெற்றது. கிட்டப்பாவின் குரல் இசைத்தட்டுகளில் இன்றும் ஒலிக்கிறது. அவர் எந்தப் படுதாவின் முன் நின்று பாடினாரோ அதற்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. ஊர் ஊராக மாட்டுவண்டியிலும் ரயிலிலும் சென்று, மழையில் நனைந்து, மடிப்பில் கிழிந்து, புதிய வண்ணம் மேலே பூசப்பட்டு அழிந்த அச்சீலைகளை எந்த அருங்காட்சியகமும் உரிய காலத்தில் தேடிச் சேர்க்காதது தமிழ்க் கலை வரலாற்றுக்கு நேர்ந்த பெருங்குறை. எனினும் சீன் எழுதிய கைகளின் தடம் முற்றிலும் அழிந்துவிடவில்லை. சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று நாடகக் கம்பெனியில் சீன் எழுதிவந்த கொண்டையராஜு, 1940களில் கம்பெனி கலைந்தபின் கோவில்பட்டியிலேயே தங்கி, மாணவர்களோடு சேர்ந்து தெய்வப் படங்கள் தீட்டலானார். நாட்காட்டிகளாக அச்சேறித் தமிழ்நாட்டு வீடுகளில் தொங்கிய அப்படங்களில், தெய்வத்தின் பின்னே திறந்து விரியும் மண்டபத் தூண்களும் அடுக்கடுக்கான மலைகளும் மேகங்களும் நாடகப் படுதாவின் இலக்கணத்தையே பெரிதும் பின்பற்றுகின்றன. ஆகவே, மறைந்துபோன மேடைத் திரைகளை ஓரளவேனும் மீட்டெடுத்துக் காட்ட விரும்புவோருக்கு அந்நாட்காட்டிகளே கைக்கு எட்டும் சான்று.

இவ்வட்டாரத்தின் அரங்குகளுள் இன்றும் தளராமல் இயங்குவது கோயில் கொடை விழாக்களில் அமையும் அரங்கு. சுடலைமாடன், அம்மன் கோயில்களின் முன்னே மண்தரையில் நிகழும் கணியான் கூத்தில் அண்ணாவி கதை பாட, பெண்வேடமிட்ட ஆடவர் இருவர் ஆட, உச்சம், மந்தம் எனப்படும் இரு மகுடங்கள் முழங்குகின்றன. மகுடம் என்பது வட்டச் சட்டத்தில் தோல் கட்டிய பறை வகை. அதே கொடையில் வில்லுப்பாட்டுக் குழுவும் தனக்குரிய பந்தலில் இருந்து பாடுகிறது. திரை இல்லை, உயர்மேடை இல்லை. ஆனால் வடிவமைப்பு மிகத் தெளிவாக உள்ளது. கூத்து சன்னிதியை நோக்கியே நிகழ்வதால் முதற் பார்வையாளர் தெய்வமே. ஊரார் சுற்றிலும் பக்கங்களிலும் அமர்கின்றனர். கதை உச்சத்தை எட்டும்போது சாமியாடி எழுந்து ஆட, பார்வையாளர் பகுதி எது, ஆடுகளம் எது என்னும் எல்லையும் இல்லாமற் போகிறது. இதனைப் பிராகுக்குக் கொண்டுசெல்ல விரும்புவோர் மகுடத்தையும் உடைகளையும் கண்ணாடிப் பேழையில் வைத்தால் இசைக்கருவிகளின் கண்காட்சியாகவே அது முடியும். சன்னிதி, மகுடம் நிற்கும் இடம், வில் இருக்கும் திசை, ஊரார் அமரும் ஓரம், சாமியாடி வரும் வழி ஆகியவற்றை அண்ணாவிகளே தரையில் கோடிட்டுக் காட்டுமாறு செய்து, வரும் பார்வையாளரையும் சன்னிதிக்கு எதிரே அல்லாமல் அந்தப் பக்கவாட்டு இடத்திலேயே நிற்கச் செய்யும் காட்சியமைப்பே கொடையின் அரங்கை உள்ளபடி காட்டும்.