ஸ்டிக்கு இழுக்குதா? ஸ்பிரிங்கைப் பாருங்க!
காசு போட்டவன் தோற்பது யார் குற்றம்?

கரியாலூர்:

கல்வராயன் மலை ஏறி கரியாலூர் படகுத்துறைக்குப் போகிறோம். ஏறிய படகின் பெடல் இறுகிக் கிடந்தால் சும்மா இருப்போமா? கரையில் நிற்பவரைக் கூப்பிட்டு, "இது மிதிக்க முடியலைங்க, வேற படகு கொடுங்க" என்று கேட்டு வாங்கிக் கொள்வோம். கச்சிராயப்பாளையம் பக்கம் மலை இறங்கும் பஸ்சில் கியர் சரியாக விழவில்லை என்றால், டிரைவர் டெப்போவில் சொல்லாமல் விடுவாரா? உயிர் விஷயம் ஆயிற்றே!

ஆனால் மலையிலிருந்து இறங்கி வந்து, பொருட்காட்சியில் வீடியோ கேம் பெட்டி முன்னால் நிற்கும் பையன் என்ன செய்வான்?

"அண்ணே, வலது பக்கம் போகவே மாட்டேங்குதுண்ணே!"

"உனக்கு ஆடத் தெரியலை தம்பி. அடுத்த ஆள் வரட்டும், நகரு!"

அவ்வளவுதான். அப்பா கொடுத்த காசு போச்சு. 'நமக்கு இதெல்லாம் வராது' என்று தலையைத் தொங்கப் போட்டுக் கொண்டு பையனும் போய்விடுவான். உண்மையில் தோற்றது பையனா, பெட்டியா? பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங்தான் தோற்றிருக்கும்!

உள்ளே என்னதான் இருக்கிறது?

ஜாய்ஸ்டிக் என்றதும் பெரிய கம்ப்யூட்டர் வித்தை என்று பயப்பட வேண்டாம். தையல் மிஷின் பிரித்தவர்களுக்கு இது தூசு.

மேலே ஒரு உருண்டை. அதிலிருந்து கீழே இறங்கும் இரும்புக் கம்பி. கம்பி சாய்ந்து நிமிர ஒரு கிண்ணம். விட்டதும் கம்பியை நடுவுக்குக் கொண்டு வர ஒரு ஸ்பிரிங். அடியில் நாலு பக்கமும் நாலு சுவிட்சு. கம்பி அளவுக்கு மேல் சாயாமல் தடுக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம். கதை முடிந்தது.

வலது பக்கம் தள்ளினால் கம்பியின் அடி இடது பக்கம் போகும். அங்கே இருக்கும் சுவிட்சை அமுக்கும். 'கிளிக்' என்று சத்தம் வரும். திரையில் ஆள் வலது பக்கம் ஓடுவான். மூலைக்குத் தள்ளினால் இரண்டு சுவிட்சு சேர்ந்து அமுங்கும். ஆக, நாலு சுவிட்சில் எட்டுத் திசை!

'கிளிக்' சத்தம் போடும் இந்த மைக்ரோ சுவிட்சு இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் பீட்டர் மக்கால் என்பவர் 1932-ல் கண்டுபிடித்த வித்தை அது. மைக்ரோவேவ் அடுப்புக் கதவில் 'டக்' என்று கேட்கிறதே, அதுவும் இதே ஜாதிதான்.

பழைய பெட்டிகளில் இது கிடையாது. இரண்டு மெல்லிய தகடுகள் ஒன்றையொன்று தொடும். சத்தமே வராது. இந்தத் தகடு வளைந்து போனால் ஸ்டிக்கு மக்கர் பண்ணும். சின்னக் குறடால் மெதுவாக வளைத்து, இடைவெளியைச் சரி செய்தால் போதும். முனையில் அழுக்கு இருந்தால் கெட்டி அட்டையில் சுத்த ஆல்கஹால் தொட்டு இடையில் விட்டு இழுக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும். அப்புறம் தகட்டையே மாற்ற வேண்டியதுதான்!

ஜப்பான் கம்பி, கொரியா ரப்பர்

இந்தத் தொழிலில் பேர் வாங்கியது ஜப்பான். சான்வா, செய்மிட்சு என்று இரண்டு கம்பெனிகள். சான்வாவின் ஜே.எல்.எஃப். ஸ்டிக்கு மிருதுவாக ஆடும். 35 மில்லி மீட்டர் உருண்டை. செய்மிட்சுவின் எல்.எஸ்.32 கொஞ்சம் விறைப்பு. அமெரிக்காவில் உருண்டைக்குப் பதில் பேட் மாதிரி நீண்ட பிடி. கொரியாக்காரர்கள் ஸ்பிரிங்கையே விட்டுவிட்டு ரப்பர் வளையத்தால் கம்பியை இழுத்துப் பிடிக்கிறார்கள். அவரவர் கைக்கு அவரவர் வழக்கம்!

1980-ல் வந்த 'பேக்மேன்' ஆட்டத்துக்கு நாலு திசைதான். அதை எட்டுத் திசை ஸ்டிக்கில் ஆடினால், திருப்பத்தில் கை மூலைக்குப் போய் ஆள் முட்டிக் கொண்டு நிற்பான். 1991-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' சண்டைக்கோ எட்டுத் திசையும் வேண்டும். கையைக் கால்வட்டம் சுற்றினால்தான் நெருப்புப் பந்து பறக்கும். ஆட்டத்துக்குத் தக்க ஸ்டிக்கு இல்லை என்றால் கில்லாடியும் கவிழ்ந்து விடுவான்.

எந்தக் கோளாறுக்கு எந்த வைத்தியம்?

கையை விட்ட பிறகும் ஆள் ஓடிக் கொண்டே இருக்கிறானா? ஸ்பிரிங் சோர்ந்து விட்டது. கம்பி நடுவுக்குத் திரும்பவில்லை. சுவிட்சு அமுங்கியே கிடக்கிறது. புது ஸ்பிரிங் போட வேண்டும். இன்னும் விறைப்பு வேண்டுமானால் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷர் கொடுக்கலாம். எல்.எஸ்.32 ஸ்பிரிங்கை ஜே.எல்.எஃப்.-ல் போட்டு ஆடுகிறவர்களும் உண்டு. ஆனால் ஆசைப்பட்டு ரொம்ப இறுக்கினால், அரை மணி ஆட்டத்தில் மணிக்கட்டு வலி வந்து சேரும்!

ரொம்ப தூரம் தள்ளினால்தான் கிளிக் வருகிறதா? கம்பியின் அடியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் குழலைப் பாருங்கள். சற்றுப் பருத்த குழல் போட்டால் சுவிட்சு சீக்கிரம் அமுங்கும். இதில் ஒரு மில்லி மீட்டரே பெரிய கணக்கு. கூடிப்போனால் கை படாமலே சுவிட்சு அமுங்கிவிடும்.

மூலை சரியாக விழவில்லையா? அடியில் இருக்கும் சட்டம்தான் காரணம். சதுரச் சட்டத்தில் மூலை சுலபமாக விழும். எண்கோணச் சட்டத்தில் எட்டுத் திசைக்கும் ஒரு சின்னப் பள்ளம் கைக்குத் தெரியும். ஜே.எல்.எஃப்.-ல் உள் சட்டத்தை 45 டிகிரி திருப்பினால் எட்டுத் திசை ஸ்டிக்கு நாலு திசை ஆகிவிடும். 'பேக்மேன்' ஆட இதுவே போதும். காசு செலவு கிடையாது.

ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யவில்லையா? அந்தப் பக்க சுவிட்சு, இல்லாவிட்டால் ஒயர். நாலு பக்கமுமே செத்துக் கிடந்தால் முதலில் பொது ஒயரைப் பாருங்கள். ஐந்து ஒயரில் நாலு திசைக்கு நாலு. ஐந்தாவது எல்லாவற்றுக்கும் பொது. அது விட்டுப் போனால் மொத்தமும் படுத்துவிடும். இது தெரியாமல் புது ஸ்டிக்கே வாங்கியவர்கள் எத்தனை பேரோ!

பிரிப்பது எப்படி?

முதலில் கரண்டை நிறுத்துங்கள். வீட்டு ஸ்டிக்கு என்றால் ஒயரைப் பிடுங்கி விடுங்கள். பிரிக்கும் முன் செல்போனில் ஒரு படம். எது மேலே, எது கீழே என்று பிறகு சண்டை வராது.

கம்பியின் அடியில் ஒரு வெட்டு இருக்கும். அதில் தட்டை ஸ்குரு டிரைவரை வைத்துப் பிடித்துக் கொண்டு, மேலே உருண்டையை இடது பக்கம் திருகினால் கழன்று விடும். பிறகு அடிச்சட்டத்தையும் சுவிட்சுப் பலகையையும் எடுக்க வேண்டும். குழலை அமுக்கிக் கொண்டு, கம்பியின் நுனியில் மாட்டியிருக்கும் சின்ன வளையத்தைத் தள்ள வேண்டும். இங்கேதான் ஜாக்கிரதை! வளையம் துள்ளிப் பறந்தால் பீரோவுக்கு அடியில்தான் தேட வேண்டும். மேலே ஒரு துணியைப் போட்டுக் கொண்டு எடுங்கள்.

பழைய பிசுக்கைத் துடைத்துவிட்டு, கிண்ணத்தில் கடுகளவு சிலிகோன் கிரீஸ். அதற்கு மேல் வேண்டாம். சுவிட்சுக்குள் கிரீஸ் போனால் அதுவே வியாதி.

"வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கே, அது போதாதா?" என்று கேட்கலாம். மார்கழிக் காலையில் கரியாலூர்க் குளிரில் பாட்டிலுக்குள் அது என்ன ஆகிறது என்று பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்! உறைந்து போகும் எண்ணெய் ஸ்டிக்கையும் உறைய வைக்கும். வெயிலில் உருகித் தூசியைச் சேர்க்கும். மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

எமன் இருக்கும் இடம்

பழைய பெட்டிகளில் இருப்பது கண்ணாடிக் குழாய் திரை. கரண்டை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஆயிரக் கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். ஸ்டிக்கு முன்பக்கப் பலகையில் இருக்கிறது. அந்தப் பலகையை மட்டும் திறக்கலாம். பின்கதவுப் பக்கம் தெரியாத்தனமாகக் கையை விட வேண்டாம். அது அனுபவப்பட்ட டி.வி. மெக்கானிக்கின் வேலை.

உதிரிச் சாமான் வேண்டுமா? எலெக்ட்ரானிக் சாமானுக்குப் பேர்போன சென்னை ரிச்சி தெரு இருக்கிறது. போகும்போது பழைய சுவிட்சைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு போங்கள். "இதே மாதிரி கொடுங்க" என்று காட்டினால் தப்பு வராது.

விளையாட்டுத்தானே என்கிறீர்களா?

2022 டிசம்பரில் மத்திய அரசே இ-ஸ்போர்ட்சை விளையாட்டுப் போட்டிகளின் பட்டியலில் சேர்த்தது. 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் வீடியோ கேமுக்கும் பதக்கம் கொடுத்தார்கள். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' போட்டியில் தங்கம் வென்றவர் தென் கொரியாவின் கிம் குவான்-வூ. வயது என்ன தெரியுமா? 44! ஆபீஸ் போய் வரும் நம்மில் பலருக்கு இருக்கும் வயசு. சின்ன வயசிலேயே கேம் கூடத்தில் காசு போட்டு ஆடிப் பழகிய மனிதர்.

அவர் சின்னப் பையனாக நின்ற பெட்டியில் ஸ்பிரிங் சோர்ந்திருந்தால்? "உனக்கு ஆடத் தெரியலை, நகரு" என்று யாராவது விரட்டியிருந்தால்?

கேம் பெட்டி வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தராசு வைத்திருப்பவர் முள்ளைச் சரி பார்க்கிறார். டெய்லர் ஊசியைச் சரி பார்க்கிறார். நீங்களும் காலையில் கடை திறந்ததும் நாலு பக்கமும், நாலு மூலையும் ஒரு தரம் தள்ளிப் பாருங்கள். நாலு பக்கத்துக்கு ஒவ்வொரு கிளிக், மூலைக்கு இரண்டு கிளிக். கேட்டால் சரி. கேட்காவிட்டால் 'ரிப்பேர்' அட்டையைத் தொங்க விட்டுவிட்டு ஸ்குரு டிரைவரை எடுங்கள். ஒரு நிமிஷ வேலைதான்.

பையன் தோற்றால் தோற்கட்டும். ஆனால் அவன் ஆட்டத்தால் தோற்கட்டும். உங்கள் ஸ்பிரிங்கால் தோற்க வேண்டாம்!