இரு புள்ளிகள் காட்டிய குளிரெல்லை

பூஜ்யத்துக்குக் கீழே 273 டிகிரிக்குச் சற்று அப்பால் உள்ள உஷ்ணநிலையை எந்தக் கருவியும் எட்டியதில்லை. ஆயினும் குளிர்ச்சிக்கு அங்கே ஓர் எல்லை உண்டென்ற எண்ணத்துக்கு விஞ்ஞானிகளை இட்டுச் சென்ற வழிகளில் ஒன்று, பள்ளிச் சிறுவரும் போடக்கூடிய, இரண்டு புள்ளிகளின் வழியே செல்லும் நேர்கோட்டுக்குச் சமன்பாடு காணும் கணக்கேயாகும்.

பிரெஞ்சு விஞ்ஞானி கே-லுஸாக் 1802-ல் வெளியிட்ட அளவுகளின்படி, பனிக்கட்டி உருகும் நிலையில் 1000 பங்காக உள்ள காற்று, அழுத்தம் மாறாதிருக்குமாயின், நீர் கொதிக்கும் நிலையில் 1375 பங்காக விரிகிறது. உஷ்ணநிலையைக் கிடையச்சிலும் கன அளவைச் செங்குத்தச்சிலும் குறித்தால் (0, 1000), (100, 1375) என இரு புள்ளிகள் அமைகின்றன. உயர வித்தியாசமாகிய 375-ஐக் கிடை வித்தியாசமாகிய 100-ஆல் வகுக்க வரும் 3.75 என்பதே கோட்டின் சாய்வு. முதற்புள்ளி செங்குத்தச்சின்மேலேயே இருப்பதால் மாறிலி 1000. ஆகவே,

கன அளவு = 3.75 × உஷ்ணநிலை + 1000.

புள்ளி அச்சின்மேல் அமையாவிடில், சாய்வைக் கண்டபின் ஏதேனும் ஒரு புள்ளியின் எண்களைப் பிரதியிட்டு மாறிலியைப் பெறலாம். (இரு புள்ளிகளும் ஒரே செங்குத்தில் நின்றால் மட்டும் பூஜ்யத்தால் வகுக்க நேருமாதலால், அங்கே சாய்வைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.)

இக்கோட்டை இடப்புறம் நீட்டினால், கன அளவு பூஜ்யமாகி, மேலும் குறைய இயலாத இடம் மைனஸ் 267 டிகிரியளவில் வருகிறது. ரெனோ முதலான விஞ்ஞானிகள் பிற்காலத்தில் மேலும் நுட்பமாக அளந்ததன் பயனாய் 1375 என்பது ஏறத்தாழ 1366 எனத் திருத்தம் பெற்றது, சாய்வு 3.66 ஆயிற்று, முனையோ மைனஸ் 273-க்கு நகர்ந்தது. ஆயிரத்துச் சொச்சம் பங்கில் ஒன்பது பங்குப் பிழை, அளவெடுத்த எல்லைக்கு வெளியே நீட்டிய கோட்டின் முனையை ஆறு டிகிரிக்குமேல் இழுத்துவிடுகிறதென்றால், நெருங்கிய இரு புள்ளிகளை வைத்துக்கொண்டு தொலைதூர முடிவுகளை அறிவிப்போரிடம் நாம் எச்சரிக்கையாக இருப்பது நியாயமே.

உண்மையில் எந்த வாயுவும் அக்கோட்டின் கடைசிவரை செல்வதில்லை, வழியிலேயே திரவமாகிவிடுகிறது. கோடு கூறுவது, திரவமாகாமலே சுருங்குவதாகக் கற்பனை செய்யப்படும் இலட்சிய வாயுவின் கதை. 1848-ல் கெல்வின், எந்தப் பொருளின் குணத்தையும் சாராத உஷ்ண அளவுமுறையொன்றை முன்மொழிந்தார். அது பின்னர் செம்மையுற்றபோது, அதன் பூஜ்யமும் அக்கோட்டின் முனையான மைனஸ் 273 டிகிரியளவிலேயே அமைந்தது. வாயுக்களில் கடைசிவரை பிடிவாதமாய் நின்ற ஹீலியம், 1908-ல் லைடன் நகரில் காமர்லிங் ஓன்ஸின் ஆய்வுக்கூடத்தில், மைனஸ் 269 டிகிரியளவில் திரவமாயிற்று.