நோய்க்கு அயலான் பெயர்

நீலகிரியின் சோலூரிலிருந்து கிளன்மார்கன் பக்கம் போனால், தேயிலைச் சரிவுகளைத் தாண்டி அங்கங்கே தோடர் பழங்குடியினரின் மந்துகள், அதாவது குடியிருப்புகள், தென்படும். இந்த வாரம் அங்கிருந்து தொடங்குகிறேன். 1901-ல் தோடர்கள் சுமார் 800 பேர். பிறகு பல பத்தாண்டுகள் அந்தத் தொகை தேய்ந்தது. கரு தங்கவில்லை, பிறந்ததும் நிலைக்கவில்லை. இந்த இனம் அற்றுப்போகும் என்றே பலர் எழுதினார்கள். முக்கியக் காரணங்களில் ஒன்று, சிபிலிஸ் என்ற மேகநோய்.

1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி, ஊட்டியும் பின்னர் வெலிங்டன் படைமுகாமும் எழுந்த காலத்தில் வெளியாட்களோடு ஏறிவந்த நோய் இது. பழியோ, ஒரு பெண் பல சகோதரர்களை மணக்கும் தோடர்களின் பழைய மணமுறை மீது விழுந்தது. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த நோயின் பெயர்களைப் பாருங்கள். நமக்கு இது பறங்கிப்புண். 16-ஆம் நூற்றாண்டின் ஆயுர்வேத நூலான பாவபிரகாசத்தில் பிரங்க ரோகம். இத்தாலியர்கள் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். 'எங்களுடையது இல்லை' என்று சொல்லவே எல்லோரும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கிருமிக்கு அந்த வேற்றுமை தெரியாது. உறவுக்குப் பின் ஏறத்தாழ மூன்று வாரத்தில் ஒரு புண் வரும். வலிக்காது. சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். இந்த ஆறுதல்தான் ஏமாற்று. அடுத்து உள்ளங்கையிலும் பாதத்திலும் தடிப்புகள் வரலாம்; அவையும் மறையும். பிறகு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரியாது. சிலருக்கு உள்ளே மூளையும் இதயமும் கெடும். கர்ப்பிணியிடமிருந்து குழந்தைக்கும் போகும்.

பென்சிலின் வந்தது, கதை மாறியது. தோடர் இனத்தின் முதல் செவிலியரான எவாம் பில்ஜெயின், தம் மக்களுக்கான நடமாடும் மருத்துவக் குழுவோடு மந்து மந்தாகப் போனார். மந்துகளில் மறுபடி தொட்டில் ஆடியது. 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் சுமார் 2,000 பேர். யாருடைய மணமுறையையும் திருத்தி வந்த பலன் அல்ல இது. சிகிச்சை வீடு தேடி வந்தது, அவ்வளவுதான்.

ஆரம்ப நிலை சிபிலிசுக்கு இன்றும் மருந்து அதே பென்சிலின்தான். பென்சாதின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே தவணை. ஆனால் துணைவருக்கும் சிகிச்சை வேண்டும். ஒருவர் மட்டும் ஊசி போட்டுக்கொண்டால் நோய் திரும்பி வரலாம். ஆணுறை ஆபத்தைப் பெரிதும் குறைக்கும். அது மூடாத இடத்தில் புண் இருந்தால் தொற்றலாம். மெடிக்கலில் களிம்பு வாங்கிப் பூசினால் கிருமி போகாது.

சோலூர் போன்ற சிற்றூரில் தயக்கம் எங்கே என்று எனக்குப் புரிகிறது. பஸ்ஸில் ஏறினாலே யார், எங்கே, எதற்கு என்று கேட்பார்கள். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கென உள்ள சுகவாழ்வு மையத்திலும், எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையத்திலும் கட்டணம் இல்லை. விவரமும் வெளியே போகக் கூடாது. நேரில் போகத் தயங்குபவர்கள் முதலில் 1097 என்ற உதவி எண்ணுக்குப் பேசலாம், அந்த அழைப்புக்கும் காசில்லை.

கர்ப்பிணிகளுக்கு ரத்தத்தில் சிபிலிஸ் பரிசோதனை உண்டு. கூட வந்த கணவர் பெரும்பாலும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணா, நீங்களும் உள்ளே வந்து கையை நீட்டுங்கள்.